அமெரிக்கப் பவுணும் பழப்புளியும்

எங்கள் வீட்டில் ஜேர்மன் மொழி ஒழுங்காகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று பத்து வயது வரைக்கும் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்புவதற்குக் காரணங்களும் இருந்தன. டொக்டரைப் பார்க்க நாள் கேட்டு டெர்மின் எடுப்பது நான். வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று முறையிடுவது நான். அலுவலகங்களில் அம்மாவுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து நோகப் பேசுவதும் நான்தான். இதற்குச் சம்பளமாக ஐஸ்கிரீம் கிடைத்தது. ஆனால் எனக்குச் சம்பளத்தை விடப் பதவியில்தான் மயக்கம்.

என் பொறுப்பில் இருந்தவர்களில் மாமாவும் ஒருவர். அம்மாவின் தம்பி. டோர்ட்மண்டில் எங்களோடுதான் இருந்தார். அவருக்குத் தமிழிலேயே நாலு சொல் சேர்ந்தாற்போல் வராது. அலுவலகங்களுக்குப் போனால் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்; நான் பேசி முடித்ததும் எழுந்து வருவார். ஒரு பேக்கரியில் விடியப்புறம் வேலை. அங்கே முதலாளியும் அவரும் மட்டும்தான். அந்த முதலாளியோடு இத்தனை வருடமாக எந்த மொழியில் பேசினார் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. பாண் போடுவது வாய் திறக்காமல் நடக்கிற காரியம் என்று நினைத்திருப்பேன்.

மாமாவுக்குக் கலியாணம் பொருந்தியது. பெண் ஹனோவரில். எங்கள் ஆட்களின் கலியாணத்தில் பொன்னுருக்கு என்று ஒரு சடங்கு உண்டு. நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் ஒரு பவுண் காசை எல்லாருக்கும் முன்னால் உருக்கி, அந்தப் பொன்னில் தாலி செய்விப்பார்கள். இதைப் பற்றி மாமா பேக்கரி முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். சொன்ன கிழமையே முதலாளி ஒரு கைக்குட்டையில் எதையோ பொதிந்து அவர் கையில் கொடுத்துவிட்டார். அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் மாமா தன் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

“அவற்ர தாத்தாவின்ர அண்ணன் அமெரிக்காவுக்குப் போய்ப் பாண் போட்டவராம் அக்கா. திரும்பி வரேக்கை கொண்டு வந்த காசாம். முதலாளிக்குப் பிள்ளையள் இல்லையெல்லோ. மேசை லாச்சிக்குள்ள கிடக்கிறதுக்கு உன்ர மனுசியின்ர கழுத்தில கிடக்கட்டும், இதை உருக்கித் தாலி செய் எண்டு தந்தவர்.”

கைக்குட்டையை விரித்தால் உள்ளே ஒரு பெண். நீண்ட மூக்கு, தோளில் விழும் சுருள்முடி, தலையில் பெரிய துணித் தொப்பி. அம்மா பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தலைப்பாகைக்காரி என்று பெயர் வைத்துவிட்டார். அவளைச் சுற்றி நட்சத்திரங்கள். மறுபக்கத்தில் நெஞ்சில் கேடயம் கட்டிய கழுகு, அதன் தலைக்கு மேல் முகில்கள். காசு மங்கிப் போய்ப் பழைய தேனின் நிறத்தில் இருந்தது. நட்சத்திரங்களின் இடுக்குகளில் சிவப்போடிய ஊத்தை. எத்தனை டொலர் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

அப்பாவுக்கு இதுவே போதுமாக இருந்தது. அவர் ஒரு பொருளை இலவசமாகக் கொடுத்தால் அது பழுதாகத்தான் இருக்கும் என்ற கொள்கை உடையவர். “பெறுமதி போடாத காசும் ஒரு காசோ? பித்தளையாய்த்தான் இருக்கும்” என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கழுகை உற்றுப் பார்த்தார். கேடயத்துக்குக் குறுக்கே மெல்லிய கோடுகள் வரிசையாக ஓடின. “இஞ்ச பார், ஆரோ அரத்தால அராவியிருக்கினம். பித்தளை இல்லாட்டி, பவுணைச் சுரண்டி எடுத்துப்போட்டு மிச்சத்தைத் தந்திருக்கினம்.”

“சும்மா இருங்கோப்பா. அந்த மனுசன் அப்பிடிப்பட்டவரில்லை” என்றார் அம்மா. ஆனாலும் அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. பொன்னுருக்கு நாளில் சபைக்கு நடுவில் காசு பித்தளையாகி நின்றால் என்ன செய்வது? தமிழரின் நகைக்கடைக்குக் கொண்டுபோனால் பின்னேரத்துக்குள் டோர்ட்மண்ட் முழுக்கக் கதை பரவிவிடும். ஆகவே வெள்ளைக்காரரின் நாணயக்கடை ஒன்றில் காட்டிக் கேட்பது என்று முடிவாயிற்று. மொழிபெயர்ப்பாளர் தயாராக இருந்தார்.

அம்மாவின் வீட்டுச் சட்டப்படி எதுவும், யாரும் அழுக்கோடு வெளியே போக முடியாது. எனக்கு எண்ணெய் வைத்துத் தலை இழுத்தது போலவே காசையும் தயார்ப்படுத்தினார். குத்துவிளக்கு மினுக்குவதற்காகக் கரைத்து வைத்திருந்த பழப்புளியில் தலைப்பாகைக்காரியை ஊறப் போட்டார். பிறகு பற்பசையும் பழைய பல்துலக்கியும் எடுத்துக்கொண்டு குசினித் தொட்டியடியில் நின்று தேய்த்தார். அந்த அரக் கோடுகளில்தான் அவருக்குக் கோபம் கூட. அவற்றை அழித்தே தீருவது என்று மற்றக் கைக்கு மாற்றி மாற்றித் தேய்த்தார். கோடுகள் போகவில்லை. ஆனால் இடுக்குச் சிவப்பெல்லாம் போய்விட்டது. துடைத்து மின்விளக்கின் கீழே பிடித்தபோது காசு புத்தம் புதிதாய்ப் பளீரென்றது.

“இப்ப பார், காசு மாதிரி இருக்கு” என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். மாமா கையில் வாங்கிப் பார்த்து, “வடிவாய்க் கிடக்கு அக்கா” என்றார்.

அம்மாவும் மாமாவும் நானுமாகப் போனோம். நாணயக்கடையில் இருந்தவர் நரை கலந்த கட்டை மயிரும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக ஒரு பெண்மணி. அம்மா கைக்குட்டையை அவிழ்த்து, காசைப் பெருவிரலால் தலைப்பாகைக்காரியின் கன்னத்தில் அழுத்திப் பிடித்து நீட்டினார். அந்தப் பெண்மணியின் புருவம் ஒருதரம் துடித்தது. அவர் அதைச் சூடான வடையை எடுப்பது போல ஓரங்களில் மட்டும் பிடித்து வாங்கினார். நிறுத்தார், அளந்தார். பொன்தான் என்றார். உங்கள் நகைகள் செய்கிற அதே இருபத்திரண்டு கரட், உங்கள் ஒரு பவுணை விடக் கொஞ்சம் பாரம் கூட என்றும் சொன்னார். இதை நான் தமிழில் சொன்னதும் அம்மா அண்ணாந்து முகட்டைப் பார்த்துக் கும்பிட்டார்.

எங்கள் வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் அந்தப் பெண்மணியின் வேலை அப்போதுதான் தொடங்கியது. அமெரிக்கா காசு அடிக்கத் தொடங்கிய ஆரம்ப காலத்துப் பொன் இது, நான் இதைக் கையில் பிடிக்கிறது அபூர்வம் என்று சொல்லிக்கொண்டே பூதக்கண்ணாடியை எடுத்தார். காசின் மேடான இடங்கள்தான் முதலில் தேயும் என்று எனக்காக மெதுவாக விளக்கினார். நெற்றிக்கு மேலுள்ள முடி, கழுகின் நெஞ்சு, இறகுகளின் நுனி. முடி தட்டையாக இருந்தது. ஆனால் அது தேய்மானம் இல்லையாம். அடிக்கும்போதே அச்சு ஆழமாக விழவில்லையாம். தேய்ந்த இடத்தில் பொன்னின் மேல்தோல் போயிருக்கும், அச்சு விழாத இடத்தில் தோல் அப்படியே இருக்கும் என்றார்.

“அந்தக் கோடுகள் என்னவாம் எண்டு கேள் பிள்ளை” என்றார் அம்மா.

கேட்டேன். பெண்மணி சிரித்தார். அச்சடிப்பதற்கு முன்பு பொன் வில்லை நிறை கூடியிருந்தால் காசடிக்கும் சாலையிலேயே அரம் போட்டுச் சரிசெய்வார்களாம். அதற்குமேல்தான் அச்சு அடிப்பது. அது காசின் பிறவிக் குறி, அதைக் குற்றமாக எடுப்பதில்லை என்றார்.

“அப்ப அரசாங்கமே அராவினதோ!” என்று அம்மா வாயில் கை வைத்தார். “உன்ர அப்பாவிட்டைச் சொல்ல வேணும்.”

பிறகு பெண்மணி காசை விளக்கின் கீழே சாய்த்தார். இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ஒளி காசின் மேல் ஓடவில்லை; ஒரே இடத்தில் நின்று கண்ணைக் கூச வைத்தது. அவருடைய சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு பெருமூச்சோடு கண்ணாடியைக் கீழே வைத்து, “கெபுட்ஸ்ட்” என்றார். மினுக்கியிருக்கிறது. பிறகு, “சேர் ஷோன்” என்றார்.

என் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. ‘ஷோன்’ என்றால் வடிவு. ‘சேர்’ என்றால் மிகவும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ‘சேர் கூட்’ என்றால் முதலாம் தரம், அதற்கு மேலே மாஸ்டர் நினைத்தாலும் போட ஏலாது. ஆகவே ‘சேர் ஷோன்’தான் காசுகளுக்கு முதலாம் தரம்.

“நல்லாய் மினுக்கியிருக்காம் அம்மா. நல்ல வடிவாம்.”

அம்மாவின் முகத்தில் அன்று கண்ட பூரிப்பை நான் என் பட்டமளிப்பு விழாவில்கூடக் காணவில்லை. “பாத்தியோ தம்பி, நான் பட்ட பாட்டை அவ கண்டுபிடிச்சிட்டா. பழப்புளியாலதான் தேய்ச்சது எண்டு சொல்லு பிள்ளை. அவவுக்கும் உதவுமெல்லோ.”

பழப்புளிக்கு ஜேர்மனில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. ‘புளிப்பான ஒரு மண்ணிறப் பழமும் பற்பசையும்’ என்று சமாளித்தேன். பெண்மணி கொஞ்ச நேரம் கண்களை மூடிக்கொண்டார். செய்முறையை மனப்பாடம் செய்கிறார் என்று எண்ணி, பல்துலக்கியையும் மறக்காமல் சேர்த்துச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை இதை உருக்கப்போகிறோம் என்று சொன்னதும் கண்கள் திறந்துவிட்டன. அவர் மேசையை விட்டு எழுந்து வேகமாகப் பேசத் தொடங்கினார். எனக்குப் பாதிச் சொற்கள் பிடிபடவில்லை. பிடிபட்டதைச் சொன்னேன். “உருக்க வேண்டாமாம். இப்பவும் பொன்னின்ர விலையை விட எத்தினையோ மடங்கு பெறுமாம். தனக்குத் தரட்டாம்.”

“கண்டவுடனை எல்லாருக்கும் எங்கட சாமானிலதான் கண்” என்று அம்மா கைக்குட்டையைக் கையிலெடுத்தார். “தாலிக்கெண்டு தந்த பொன்னை ஆரும் விப்பினமோ? ஏலாதெண்டு சொல்லு. மரியாதையாய்ச் சொல்லு.”

மரியாதையாகச் சொன்னேன். அம்மா காசைப் பொதியத் தொடங்கினார். அப்போதுதான், அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, அந்தப் பெண்மணியிடம் தானாகவே ஜேர்மனில் ஒரு கேள்வி கேட்டார். மினுக்காமல் இருந்திருந்தால்?

நான் திடுக்கிட்டுப் போனேன். என்னைத் தாண்டி ஒருவர் பேசிவிட்டார்! போதாக்குறைக்கு வினைச்சொல்லையே விழுங்கிவிட்டார்.

பெண்மணி அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் பதில் சொன்னார். அதில் ‘ஃபோர்ட்ஸூக்லிஷ்’ என்று ஒரு சொல் வந்தது. எனக்கு அது தெரியாத சொல். மாமா தலையை ஆட்டினார்.

“என்னவாம்?” என்றார் அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

“நல்ல பவுணாம் அக்கா. வாங்கோ, போவம்.”

திரும்பி வரும் வழியில் ட்ராமில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வசனத்தை இலக்கணத்தோடு எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தேன். ‘இருந்திருந்தால்’ என்பதற்கான ‘வேரே’ என்ற சொல் கடைசியில் வர வேண்டும், அது இல்லாமல் கேட்டால் ஆட்கள் சிரிப்பார்கள் என்று எச்சரித்தேன். மாமா என்னைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டார். “ஓம் பிள்ளை, இனி அப்பிடியே கேக்கிறன்” என்று ஒத்துக்கொண்டார். இறங்கியதும் வழக்கத்தை விடப் பெரிய ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அவருக்குப் பாடம் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

பிற்காலத்தில் பான் நகரில் படிக்கும்போது, செலவுக்காக ஒரு நாணய ஏல நிறுவனத்தில் விளக்கக் குறிப்புகள் தட்டச்சு செய்யும் வேலைக்குப் போனேன். முதல் நாளே தரங்களின் ஏணியைச் சொல்லித் தந்தார்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில் அச்சிலிருந்து விழுந்த ஒளி மாறாத காசு. அதற்கு அடுத்தது ‘ஃபோர்ட்ஸூக்லிஷ்’, சிறப்பானது. அதற்கும் கீழேதான் ‘சேர் ஷோன்’. பாவனையில் உருண்டு நன்றாகத் தேய்ந்த நடுத்தரக் காசுக்குப் பெயர் மிகவும் வடிவு! அதற்குக் கீழே வெறும் ‘வடிவு’ என்றால் முகத்தில் பாதி அழிந்திருக்கும். ‘நன்றாகப் பேணப்பட்டது’ என்று எழுதினால் அதில் இருப்பது ராணியா கழுதையா என்றே சொல்ல முடியாது. மனிதரைப் புகழ்வதில் இத்தனை கஞ்சத்தனமான ஜேர்மன்காரர், தேய்ந்த காசிடம் மட்டும் ஏன் இவ்வளவு நாகரிகம் பார்க்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

‘கெபுட்ஸ்ட்’ என்பதற்கும் அந்த வேலையில் அர்த்தம் தெரிந்தது. எந்தத் தரத்துக்குப் பக்கத்தில் அந்தச் சொல் விழுந்தாலும் காசின் கதை முடிந்தது. ஒருநாள் தலைப்பாகைக்காரியின் சகோதரி ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். அதே தொப்பி, அதே கழுகு. அவளை யாரும் குளிப்பாட்டியிருக்கவில்லை. காசைச் சாய்த்தால் ஒளி நட்சத்திரம் நட்சத்திரமாகச் சுற்றி ஓடியது. இடுக்குகளில் அந்தப் பழைய சிவப்பு. அந்தச் சிவப்பும் ஒளி ஓடுகிற மெல்லிய தோலும்தான் உயிர். அவற்றைத்தான் அம்மா குசினித் தொட்டியில் இரண்டு கையாலும் தேய்த்து ஓடவிட்டார். நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தேன். அதற்குப் பிறகுதான் மாமா கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அன்று சிரிப்பு அத்தோடு நின்றுவிட்டது.

பொன்னுருக்கு ஞாயிறு காலையில் நடந்தது. சின்ன வீடு, நிறையச் சனம். நகைக்கடைக்காரர் கரியும் ஊதுவிளக்கும் பொன் உருக்கும் மூசையுமாக வந்து வரவேற்பறையின் நடுவில் உட்கார்ந்தார். புகைக்கு அலறும் கருவி முகட்டில் இருந்ததால் அப்பா ஒரு கதிரையில் ஏறி, ஈரத்துவாயால் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். சடங்கு முழுவதும் அவர் அந்தக் கோலத்தில்தான் நின்றார். வீடியோவிலும் அப்படியே இருக்கிறார். பேக்கரி முதலாளி கோட்டு சூட்டும் வெறுங்காலுமாக, தானே செய்த ஒரு பெரிய கேக்கோடு வந்து மாமாவுக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டி உட்கார முயன்றார். கடைசியில் யாரோ தலையணை கொடுத்தார்கள்.

வெற்றிலைத் தட்டில் காசு பளபளத்தது. நகைக்கடைக்காரர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். “தம்பி, இது நல்ல பழைய காசாய்க் கிடக்கு. உருக்கத்தான் வேணுமோ? நான் வேறை பவுண் கொண்டு வந்திருக்கிறன்.”

அம்மாவின் முகம் சுருங்கியது. மினுக்கியதில் ஏதும் குறை கண்டாரோ என்ற பதற்றம் அதில் அப்படியே தெரிந்தது. அந்த நொடியில் மாமா வாயைத் திறந்திருந்தால் காசு பிழைத்திருக்கும். ஆனால் ஏன் என்று அம்மா கேட்டிருப்பார். நானும் விளக்கமாக மொழிபெயர்த்திருப்பேன். மினுக்காமல் விட்டிருந்தால் இதன் விலை எங்கே போயிருக்கும் என்று யாரோ ஒரு விபரம் தெரிந்தவர் சபையிலேயே சொல்லியும் இருப்பார். அம்மா அதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லி அழுதிருப்பார்.

மாமா முதலாளியைப் பார்த்தார். இனி வருவது, மாமாவைக் கட்டிய மாமி பிறகு ஒருநாள் எனக்குச் சொன்னது: கடைக்குப் போய்வந்த அடுத்த காலையே, நாணயக்காரி சொன்னதை ஒன்றுவிடாமல் ஜேர்மனில் சொல்லி, மாமா காசை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார். முதலாளி வாங்கவில்லை. நான் தந்தது தாலிக்கு, உன் அக்கா மினுக்கியதும் தாலிக்கு, இனி இதில் என்ன பேச்சு என்று பாணைப் போறணை அடுப்புக்குள் தள்ளப் போய்விட்டாராம். ஆகவே அன்று அந்த அறையில், காசின் கதை தெரியவேண்டிய நால்வரில் தெரியாமல் இருந்தவர்கள் மினுக்கியவரும் மொழிபெயர்த்தவளும் மட்டும்தான்.

“உருக்குங்கோ அண்ணை” என்றார் மாமா. பிறகு காசை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். “அக்கா, நீங்கள் உங்கட கையால போடுங்கோ.”

அம்மா சேலைத் தலைப்பால் அதை இன்னொருதரம் துடைத்துவிட்டு மூசையில் போட்டார். ஊதுவிளக்கின் சுவாலை பாய்ந்தது. முதலில் நட்சத்திரங்கள் போயின. பிறகு தொப்பி, சுருள்முடி, மூக்கு. காசுச் சாலைக்காரனின் அரக் கோடுகளும் அம்மாவின் பல்துலக்கிக் கீறல்களும் ஒன்றாய்க் கரைந்து, அடியில் ஒரு துளி சூரியன் உருண்டு நின்றது.

“இஞ்ச பார் தம்பி, ஒரு பொட்டு ஊத்தை இல்லை!” என்றார் அம்மா.

“நீங்கள் மினுக்கினபடியால்தான் அக்கா” என்றார் மாமா.

அம்மாவுக்குக் கண் கலங்கியது. “இதை அவருக்கும் சொல்லு பிள்ளை” என்று முதலாளியைக் காட்டினார். நான் எழுந்து நின்று, எல்லா வினைச்சொற்களையும் அந்தந்த இடத்தில் வைத்து, திருத்தமான ஜேர்மனில் சொன்னேன். அந்தப் பெரிய மனிதர் மாமாவின் தோளில் கையைப் போட்டபடி சிரித்தார். சிரித்துக்கொண்டே மற்றக் கையால் கண்களைத் துடைத்தார். புகை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, நான் ஓடிப்போய் யன்னலைத் திறந்துவிட்டேன்.